மன்மதன் கிரீடத்தை நாங்களே செய்தோம்

இந்த மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் மன்மதன் போட்டிருந்த கிரீடம், இரண்டு புஜம், மார்புப் பதக்கம் எல்லாமே ஒரு லயத்து இஸ்தோப்பில் செய்தவை. செய்தது நாங்கள்தான். பிள்ளைகள் விளையாடத் தரையில் விரிக்கிற ஃபோம் பாய், ஒரு பழைய பெயின்ட் வாளி, ஓடாத சீடிகள், வெள்ளை கம், இரண்டு டின் ஸ்பிரே பெயின்ட். சாமான் இவ்வளவுதான். பாதி பசறையிலும் பதுளை டவுனிலும் வாங்கியது, மீதி வீட்டில் கிடந்தது.

கூத்து நல்லபடியா முடிஞ்சது. அடுத்த நாள் பீலிக்கரையில் வாக்குவாதம் தொடங்கியது. "சாமி காரியத்துல பிளாஸ்டிக்கா? இப்படியே போனா அடுத்த வருசம் மன்மதனுக்குப் பதிலா ஒரு பொம்மைய நிறுத்திருவீங்க" என்றார் ஒரு பெரியவர். கோயில் கமிட்டியிலும் இதே பேச்சு. எங்கள் வயதுப் பிள்ளைகள் சிலரே, "கொழும்புல கொஸ்ப்ளே பண்றவங்கள பாத்துட்டு வந்து இங்க செய்றீங்க, இது நம்ம பாரம்பரியம் இல்ல" என்றார்கள்.

அந்தப் பேச்சுக்கு எங்கள் பதில் இது. சுருக்கமாகச் சொன்னால்: கூத்து உடுப்பைத் தோட்டத்துக்குள்ளேயே, வீட்டிலேயே செய்ய வேண்டும். எந்தச் சாமானில் செய்கிறோம் என்பது இரண்டாவது கேள்வி. யார் செய்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

வாடகைக் கிரீடம்

வேறு ஊர்களில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் நடக்கிற கூத்து, காமன் கூத்து. அமாவாசை கழித்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். பிறகு ஒவ்வொரு இரவும் தப்பு அடித்துப் பாட்டும் ஆட்டமும் நடக்கும். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம், சிவனின் தவம், அதைக் கலைக்கப் போகிற மன்மதன், நெற்றிக்கண் நெருப்பில் அவன் எரிவது, ரதியின் ஒப்பாரி, கடைசியில் அவனை உயிர்ப்பிப்பது. வீரபத்திரன் வருவார், எமன் வருவார், குறவன் குறத்தி வருவார்கள். ஆடுகிறவர்கள் தொழில் நடிகர்கள் இல்லை. பகலில் மலைக்குப் போகிறவர்கள், பேக்டரியில் வேலை செய்கிறவர்கள், விரதம் இருந்து இரவில் ஆடுகிறார்கள். மலையகத்தில் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இதே மாதிரி ஊரே சேர்ந்து நடத்துகிற கூத்துகள்தான்.

எங்கள் டிவிஷனில் ஒரு காலத்தில் மரக் கிரீடம் இருந்ததாகச் சொல்கிறார்கள். நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து உடுப்பு டவுனில் ஒரு கடையில் இருந்து வாடகைக்கு வரும். ஸ்கூல் நாடகத்துக்கும் கல்யாண வீட்டு நாட்டியத்துக்கும் கொடுக்கிற அதே உடுப்பு. போன வருஷம் வந்த கிரீடத்தில் ஒரு பக்கக் கல் எல்லாம் உதிர்ந்திருந்தது. மன்மதன் உடுப்பு என்று அனுப்பியது ஏதோ முருகன் வேஷத்தின் சட்டை. வந்து சேர்ந்ததே கூத்தன்று ராத்திரி ஏழு மணிக்கு. மாற்றுவதற்கு நேரமில்லை. நம் மன்மதன் மார்பில் வேல் படத்தோடு கல்யாண மேடை ஏறினார்.

அதற்கு வாடகை 18,000 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு அம்மா பதின்மூன்று நாளுக்கு மேல் கொழுந்து பறித்தால்தான் ஒரு ராத்திரி வாடகை. தலைக்கு இவ்வளவு என்று வரி பிரித்துத்தான் கட்டுகிறோம். விடிந்ததும் மூட்டை கட்டிக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறோம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்தவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கொண்டுவந்த கூத்து என்று 2023இல் மேடைக்கு மேடை பேசினோம். அந்தக் கூத்தின் கிரீடம் வருஷத்தில் ஒரு நாள்தான் நம்ம வீட்டில் இருக்கிறது. காசு போனதைவிட இதுதான் எங்களுக்கு உறுத்தியது.

எங்கே இருந்து கற்றோம்

கொஸ்ப்ளே பார்த்துத்தான் யோசனை வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. எங்களில் ஒருவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். அங்கே நடக்கிற லங்கா கொமிக் கொன் நிகழ்ச்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தார். இரும்புக் கவசம் போட்டவன் மாதிரி ஒருவன் நின்றிருக்கிறான். கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தால் இரும்பு இல்லை, ஃபோம். வீட்டிலேயே வெட்டி ஒட்டிப் பெயின்ட் அடித்தது.

உலகம் முழுக்க இதை ஒரு பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1977இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் வருகிற வெள்ளைக் கவசச் சிப்பாய்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கவசத்தைப் பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக வார்த்து ஒரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர் வீட்டில் வைத்து ஓரம் வெட்டி, உடம்புக்கு அளவு பார்த்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் உட்காருகிறவர்கள் உண்டு. 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய '501ஆவது லீஜன்' என்கிற ரசிகர் கூட்டம், இப்படிச் செய்த கவசத்தைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகிறது.

அந்தப் பெட்டியை வாங்க எங்களுக்கு வசதி இல்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் பிடித்தது. கடையில் முழுசாக வாங்கிப் போட்டால் அவர்களுக்குள் மரியாதை இல்லை. எப்படிச் செய்தாய், எங்கே வெட்டினாய், எது பிழைத்தது என்றுதான் கேட்பார்கள். பிழைத்ததைச் சொல்ல வெட்கப்படுவதும் இல்லை. அதனால் எங்கள் பிழைகளையும் சொல்கிறோம்.

முதல் கிரீடத்தை ரெஜிபோமில் செய்தோம். டீவி வந்த பெட்டியில் இருந்தது. கத்தியால் செதுக்க லேசு, அழகான கோபுரம் மாதிரி வந்தது. தங்க ஸ்பிரே அடித்தோம். ஐந்து நிமிஷத்தில் கண் முன்னாலேயே குழி குழியாக உருகி, கரையான் தின்ற புற்று மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிரேயில் இருக்கிற கரைப்பான் ரெஜிபோமைத் தின்றுவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. சப்பாத்து ஒட்டுகிற பசையும் அதையேதான் செய்யும். மூன்று இரவு வேலை போச்சு. ரெஜிபோம்தான் கிடைக்கிறது என்றால் முதலில் வெள்ளை கம்மையும் கடதாசியையும் இரண்டு மூன்று படை ஒட்டிக் காயவிட்டு, மேலே தண்ணீரில் கரைகிற பெயின்டைத் தூரிகையால் அடியுங்கள்.

இரண்டாவது பிழை எஸ்லோன் பைப். பிளந்து அடுப்பில் வாட்டினால் தகடு மாதிரி விரியும் என்று ஒருவர் சொன்னார். விரியுது, உண்மைதான். ஆனால் கொஞ்சம் கருகினாலும் வருகிற புகை மூக்கையும் நெஞ்சையும் அரிக்கும், அதில் அமில வாயு இருக்கிறது. பத்தடி லயத்து அறையில், பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் தூங்குகிற இடத்தில் செய்கிற வேலை இல்லை அது. விட்டுவிட்டோம்.

கடைசியில் சரி வந்தது ஃபோம் பாய். சூடு காட்டினால் மேல்பக்கம் லேசாகப் பளபளக்கும். அப்போது எடுத்து முழங்காலில் வைத்தோ ஒரு சட்டி அடியில் வைத்தோ வளைத்துப் பிடித்தால், ஆறியதும் அதே வளைவில் நிற்கும். ஒட்டுவதற்கு இரண்டு பக்கமும் பசை பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பிய்ந்து வரும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்தால் வெளியிலேயே வைத்து ஒட்டுங்கள். ஃபோம் பெயின்டை உறிஞ்சும். ஆகவே வெள்ளை கம்மில் தண்ணீர் கலந்து நாலு தரம் பூசினோம். அதற்கு மேல் கறுப்பு, கறுப்புக்கு மேல் தங்கம்.

தங்கத்தை முழுசாக அடிக்காதீர்கள். பஞ்சில் தொட்டு, துடைத்துவிட்டு, மேடான இடத்தில் மட்டும் தேய்த்தால், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். இரவு வெளிச்சத்தில் அதுதான் செதுக்கிய மாதிரித் தெரியும். ஆகவே ஸ்பிரேயைக் கறுப்புக்கும் வெளி ஓரத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். அதையும் மூடுபனி இறங்குகிற நேரத்தில் அடிக்காதீர்கள். சாயந்திரம் நமுனுகுலைப் பக்கம் இருந்து பனி வந்து மூடிய நேரத்தில் அடித்த ஒரு புஜம் வெள்ளையாகப் பூத்துப் போய்விட்டது. திரும்ப அடிக்க வேண்டியதாகிவிட்டது. வெயில் ஏறின பிறகு, காலை பத்து மணிக்கு மேல் அடித்தால் பிரச்சினை இல்லை.

பெயின்ட் வாளியை வெட்டிக் கிரீடத்துக்கு உள் வளையம் வைத்தோம், தலையில் உட்காருவதற்கு. அந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்காது, உரிந்து வரும், அதனால் அது வெளியே தெரியாத இடத்தில்தான் இருக்க வேண்டும். சீடிகளைச் சுடுதண்ணியில் போட்டுவிட்டுக் கத்தரித்தால் அவ்வளவாக வெடிக்காது. அவைதான் கண்ணாடிக் கல். ஒரு விஷயம் கவனம்: மருந்தடிக்கிற கேன்களை எந்தக் காரணத்துக்கும் எடுக்காதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் அது தலையில் வைக்கிற சாமான் இல்லை.

எங்களுக்கு ஆன செலவு 7,400 ரூபா. அடுத்த மாசிக்கு அது பூச்சியம்.

அக்காவின் கத்தரிக்கோல்

இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவும் எழுதினோம்.

நாங்கள் ஐந்து பேர் ஆம்பிளைகள் சேர்ந்து இரண்டு வாரம் முயன்றும் புஜம் தோளில் உட்காரவில்லை. கையைத் தூக்கினால் காதில் இடிக்கும். இறக்கினால் முன்னால் சரியும். பக்கத்து லயத்து அக்கா ஒருவர் கார்மெண்ட்ஸில் ஏழு வருஷம் வேலை செய்தவர். இஸ்தோப்பில் நாங்கள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டே போவார். ஒரு நாள் தாங்க முடியாமல் வந்து, "டேய், தோளு உருண்டை. நீங்க பலகை வெட்டுற மாதிரி வெட்டுறீங்க" என்றார்.

மன்மதன் வேஷம் கட்டுகிறவரை உட்கார வைத்தார். பழைய பேப்பரைத் தோளில் சுற்றி டேப் ஒட்டினார். கோடு போட்டார். வெட்டி எடுத்து விரித்தார். தோள் மேடு வருகிற இடத்தில் முக்கோணமாக ஒரு கீறல், அதை இழுத்து ஒட்டினால் தட்டையான ஃபோம் உருண்டையாகிவிடுகிறது. சட்டை தைக்கிற டார்ட்தான் அது. பேக்டரியில் ஒரு நாளைக்கு எத்தனை நூறு தைத்திருப்பார்! அரை மணி நேரத்தில் எங்கள் இரண்டு வாரப் பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் பிறகு அவர்தான் எங்கள் மாஸ்டர். பின்னால் இன்னும் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஏ.எல் படிக்கிற ஒரு தங்கச்சிதான் பதக்கத்தின் கொடிக்கரை முழுவதையும் வரைந்தது.

ஒரு ராத்திரி கம் காய்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்: "முப்பத்திரண்டு வயசாச்சு. இந்தக் கூத்துக்கு நான் செஞ்சது இதுவரைக்கும் தேத்தண்ணி ஊத்துனது மட்டும்தான்."

எங்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ரதியே ஆம்பிளைதானே எங்கள் ஊரில். புருஷனை இழந்த ரதி அழுகிற ஒப்பாரியைக் கேட்டுப் பெண்கள் எல்லாரும் அழுகிறார்கள். பல பேர் அந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் பொட்டலுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். அந்த விதியை ஒரே மாசியில் மாற்ற எங்களால் முடியாது. ஆனால் உடுப்பு செய்கிற வேலைக்கு அப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. கடையில் வாடகைக்கு எடுக்கிற வரைக்கும் அந்த வேலையே தோட்டத்தில் இல்லை. வேலை வந்தது, அதோடு கதவும் திறந்தது.

தப்பு அடிக்கிற மாமாமார் வீட்டுப் பையன் ஒருவனும் எங்களோடு இருந்தான். தப்பு இல்லாமல் கம்பமே ஊன்ற முடியாது. ஆனால் அடிக்கிறவரை எங்கே உட்கார வைக்கிறோம், எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தோம் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த வீட்டுப் பையன் ஒட்டிய கிரீடம் மன்மதன் தலையில் ஏறியது. அதை யாரும் மைக்கில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பாரம்பரியம் எந்தச் சாமானில் இருக்கிறது?

தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் பக்கம் தெருக்கூத்தைக் கட்டைக்கூத்து என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிரீடம், புஜம், பதக்கம் என்று மரத்தில் செதுக்கிய அணிகளுக்குக் கட்டை என்று பேர். அதைக் கட்டி ஆடுவதால் கூத்துக்கே அந்தப் பேர் வந்தது. அணி அவ்வளவு முக்கியம். 1990இல் அங்கே கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். அதன் குருகுலத்தில், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்தக் கூத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டை கட்டிக்கொண்டு பெண்கள் ஆடினார்கள். கூத்து அழிந்துவிடவில்லை.

நம்ம பக்கம் வருவோம். தேயிலையை முன்பு மெல்லிய பலகைப் பெட்டியில்தான் ஏற்றினார்கள். உள்ளே ஈயத்தாள், ஓரத்தில் தகரப்பட்டி. இப்போது கடதாசிச் சாக்கு. எங்கள் டிவிஷனில் கூத்துப் பழக்குகிற வாத்தியாருக்கு எழுபத்தாறு வயது. அவர் சின்ன வயதில் போட்ட கிரீடத்துக்கு மேலே ஒட்டியது தேயிலைப் பெட்டி ஈயத்தாள் என்று சொன்னார். பேக்டரியில் உடைந்த பெட்டியைக் கேட்டு வாங்கி, தாளை நீவி நீவி ஒட்டுவார்களாம். அவருடைய தாத்தா அதைப் பார்த்து, "ஊர்ல இப்படியா இருந்துச்சு" என்று திட்டினாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அன்றைக்குத் தோட்டத்தில் கிடைத்தது ஈயத்தாள். இன்றைக்குக் கிடைப்பது ஃபோமும் சீடியும். அம்மாமார் மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைப் பாருங்கள். முன்பு சாக்கு, இப்போது ரெக்சினும் பொலித்தீனும். அட்டைக்கும் மழைக்கும் தேயிலை வாதுக்கும் அதுதான் கவசம். சாமான் மாறியதற்காக யாரும் அதைப் படங்கு இல்லை என்று சொல்லவில்லை.

பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது

எதிர்ப்பு எல்லாமே பிடிவாதம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மூன்று விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி.

முதலாவது நெருப்பு. காமன் கூத்து எரிகிற கூத்து. தீப்பந்தம் இருக்கிறது, பொறி பறக்கிறது. ஃபோம் எரிந்தால் உருகி, தோலில் சொட்டி ஒட்டிக்கொள்ளும். நாங்கள் இதை முதலில் யோசிக்கவே இல்லை, கேட்டது ஒரு அம்மாயிதான்: "எரிக்கிற நேரம் இத எங்க வைப்பீங்க?" அதற்குப் பிறகு கமிட்டியோடு பேசி ஒரு விதி வைத்தோம். மன்மதன் எரிகிற கட்டத்துக்கு முன்னால் உடுப்பைக் கழற்றிவிட வேண்டும். பந்தத்தோடு ஆடுகிற வீரபத்திரனுக்கும் எமனுக்கும் ஃபோம் கிடையாது, தகரமும் துணியும்தான். நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்றால் இந்த விதியை மட்டும் மாற்றாதீர்கள்.

இரண்டாவது குப்பை. வெட்டி எறிந்த ஃபோம் துண்டு காற்றில் பறந்து கானுக்குள் போனது. கான் போய்ச் சேருகிற ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிற ஊர் குடிக்கிறது. இப்போது துண்டு எல்லாவற்றையும் ஒரு உர பேக்கில் சேர்க்கிறோம். தலையணைக்கு அடைக்க ஒரு ஆத்தா கேட்டிருக்கிறார். பத்து வருஷம் வைத்துப் பாவிக்கிற நோக்கம் இருந்தால் மட்டும் பிளாஸ்டிக்கில் செய்யுங்கள். ஒரு போட்டோவுக்காக என்றால் கடதாசி அட்டையே போதும்.

மூன்றாவது வாத்தியார் சொன்னது. கிரீடத்தை முடித்து அவர் தலையில்தான் முதலில் வைத்தோம். கண்ணாடியில் பார்த்தார். இரண்டு அடி வைத்து ஆடினார், சுற்றினார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கழுத்து வலிக்கல" என்றார். நாங்கள் சந்தோஷப்பட்டோம். "அதாண்டா பிரச்சின. பாரம் இருந்தாத்தான் தல நேரா நிக்கும். தல நிமிந்து நின்னாத்தான் அவன் ராசா. இதப் போட்டுட்டு எவனும் கோழி மாதிரித் தலய ஆட்டலாம்" என்றார்.

அவர் சொன்னது எங்களுக்கு முதலில் புரியவில்லை. ஒத்திகையில் புரிந்தது. லேசான கிரீடத்தோடு ஆடியவர் தலையைக் கண்டபடி திருப்பினார், பார்க்க ராஜா மாதிரி இல்லை. ஆகவே உள் வளையத்தைச் சுற்றி மெல்லிய பலகைப்பட்டி ஒன்றை வைத்துப் பாரம் ஏற்றினோம். எவ்வளவு போதும் என்று வாத்தியார்தான் தலையில் வைத்து வைத்துப் பார்த்துச் சொன்னார். வாடகைக்கு எடுத்த காலத்தில் இந்தப் பேச்சு எங்களுக்குள் நடந்ததே இல்லை. கிரீடத்தின் பாரம் ஆட்டத்தின் பாடம் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுக்க அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது.

செய்தவர் பேர்

மேலே சொன்ன ஸ்டார் வோர்ஸ் கவசத்துக்கு ஒரு வழக்கு உண்டு. படத்துக்காக அந்தத் தொப்பிகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்தவர் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வர்த் என்ற இங்கிலாந்துக்காரர். பல வருஷம் கழித்து அதே அச்சில் செய்து தானே விற்கத் தொடங்கினார். படக் கம்பனி வழக்குப் போட்டது. அந்தத் தொப்பி ஒரு சிற்பமா, இல்லையா என்பது பெரிய கேள்வியாகி, 2011இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போனது. சிற்பம் இல்லை, படம் எடுப்பதற்கான ஒரு சாமான்தான் என்று தீர்ப்பு வந்தது. அதனால் சிற்பத்துக்கு உள்ள நீண்ட காலக் காப்புரிமை அதற்கு இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லை, அங்கே அவர் தொடர்ந்து செய்யலாம் என்றானது.

வேடிக்கைதான். சாமான் என்று சொன்னதால் செய்தவருக்கு வழி கிடைத்தது. நம்ம கூத்தில் நிலைமை வேறு. கிரீடத்தையும் புஜத்தையும் சாமான் என்று நினைப்பதால்தான் செய்தவர் பேரை யாரும் கேட்பதில்லை. மலையகக் கலை பற்றி எழுதுகிறவர்கள் பாட்டை எழுதி வைக்கிறார்கள், கதையை எழுதி வைக்கிறார்கள். நல்லதுதான், தேவைதான். அந்த ஈயத்தாள் கிரீடத்தை ஒட்டியது யார் என்று வாத்தியாரைக் கேட்டோம். அவருக்கே நினைவில்லை. அறுபது வருஷத்தில் ஒரு பேர் இப்படிக் காணாமல் போகிறது. மரக் கிரீடம் எங்கே போனது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

அதனால் அடுத்த மாசிக்கு முன்னால் இதைக் கேட்கிறோம். எங்கள் தோட்டத்தில் மட்டுமில்லை, ஊவா முழுக்க, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளைகளிடமும் கேட்கிறோம்.

வாடகைக்குக் கொடுக்கிற காசில் பாதியைக் கமிட்டியிடம் கேளுங்கள். ஒரு டிவிஷனுக்கு ஒரு செட் செய்யுங்கள். பலகை கிடைக்கிற இடத்தில் பலகையில் செய்யுங்கள், செதுக்கத் தெரிந்த தச்சர் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. இல்லையென்றால் ஃபோம், அதுவும் இல்லையென்றால் அட்டை. வேலையைப் பையன்கள் கையில் மட்டும் விடாதீர்கள். கார்மெண்ட்ஸ் அக்காமார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். உடுப்பைக் கோயிலிலோ வாசகசாலையிலோ ஒரு தகரப் பெட்டியில் வையுங்கள், எலி கடிக்காமல். கூத்தன்று நன்கொடை கொடுத்தவர் பேரை வாசிக்கிற மைக்கில், உடுப்பு செய்தவர் பேரையும் வாசியுங்கள். இரண்டு நிமிஷம்தான் ஆகும்.

அக்கா வெட்டிய பேப்பர் அளவுகள் எங்களிடம் இருக்கின்றன. புஜம் இரண்டு துண்டு, கிரீடம் ஆறு துண்டு, பதக்கம் ஒன்று. எந்த ஓரம் எதோடு ஒட்ட வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். வாசகசாலை அலுமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறோம். வந்து விரித்து வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த மாசிக்கு ரதியின் உடுப்பை அக்காவே பொறுப்பெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கட்டுவது யார் என்று கமிட்டியில் இன்னும் பேசவில்லை. பேசுவோம்.